சுவரில்லாம பிரிச்ச வீடு

வாங்க சார், உள்ள வாங்க. செருப்ப அங்க விடாதீங்க, அது எங்க அண்ணன் பங்கு. இங்கயும் விடாதீங்க, இது என் பொண்டாட்டி பங்கு. கையில வச்சுக்குங்க. சும்மா சொன்னேன் சார், எங்க வேணா விடுங்க. இந்த வீட்டுல கோடு எங்க போவுதுன்னு யாருக்கும் தெரியாது, அதான் இந்த வீட்டோட ஸ்பெஷலே.

கோர்ட்டுலேர்ந்து கமிஷனர் வராருன்னு சொன்னாங்க. நான் தொப்பி, ஜீப்பு எல்லாம் எதிர்பாத்து காலைலயே சவரம் பண்ணிக்கினு ஒக்காந்திருக்கேன். நீங்க பாத்தா வக்கீல் கோட்ட மாட்டிக்கினு ஷேர் ஆட்டோல வந்து எறங்குறீங்க. பரவால்ல. கோட்டக் கழட்டுங்க. இந்த அம்பத்தூர் வெயில்ல கறுப்புக் கோட்டு போட்டுக்கினு சுத்துறதே பாதி தண்டன சார், நீங்க இன்னா தப்பு பண்ணீங்களோ.

வீட்ட அளக்கிறவரு இன்னும் வரலியா? பாடி மேம்பாலத்துல மாட்டிக்கினு இருப்பாரு. வரட்டும், அவசரமில்ல. உங்கள கேட்டாண்டயே மடக்கி இங்க கூட்டியாந்ததுக்குக் காரணம் இருக்குது. வீட்டு ஆளுங்கல்லாம் பின்னால இருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் சொல்லிடணும். நீங்க சுவரு வேணாம்னு ரிப்போர்ட்டு எழுதணும் சார். அவ்ளோதான். இந்த வீட்ட நான் ஏற்கெனவே பிரிச்சுட்டேன். சுவரே இல்லாம.

என் பேரு தேசிங்கு. இந்த வீட்டுக்கு மேஸ்திரி. கொத்து வேல மேஸ்திரி இல்ல சார், இது வேற. சொல்றேன்.

இங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில வேலை பாக்குறேன். பேர சொல்லக் கூடாது, சேரும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க. வெளிய போர்டு கிடையாது, ஜன்னல் கிடையாது. பாத்தா உள்ள தக்காளிய குளுருல அடுக்கி வச்சிருக்காங்கன்னு நெனப்பீங்க. உள்ள பூரா மிஷினு. பேங்கு, ஆஸ்பத்திரி, இன்சூரன்சு, எல்லார் கணக்கும் அங்கதான் ஓடுது. அதுல என் வேல இன்னான்னா, தரைய தூக்குறது. சிரிக்காதீங்க சார். அங்க நாம நடக்கிற தரை நிஜத் தரை இல்ல. அதுக்குக் கீழ இன்னொரு தரை. நடுவுல ஒயரும் குளுரு காத்தும் ஓடும். எஞ்சினியருங்க யாருக்காச்சும் கீழ கை விடணும்னா என்ன கூப்புடுவாங்க. நான் ரப்பர் கப்பு வச்ச ஒரு பிடிய பலகை மேல அமுக்கி டப்புனு தூக்கிக் குடுப்பேன். அவங்க வேல முடியிற வரைக்கும் யாரும் அந்தக் குழியில வுழாம பக்கத்துல நிக்கணும். நின்னா காது சும்மா இருக்குமா? இருக்காது. அப்பிடித்தான் நான் கம்ப்யூட்டர் படிச்சேன். பள்ளிக்கூடம் எட்டாவதோட சரி. அந்த எட்டாவதும் வாத்தியாருக்கும் எனக்கும் இருந்த பிரச்சன, அத விடுங்க.

பானு மேடம்னு ஒருத்தங்க. பெரிய எஞ்சினியரு. வாடிக்கக்காரங்க சுத்திப் பாக்க வந்தா அவங்கதான் விளக்கம் சொல்லுவாங்க. ரெட்டக் கதவு பீரோ மாதிரி ஒரு மிஷினு சார், அது முன்னாடி நின்னு சொல்லுவாங்க. இது ஒரே மிஷினு, ஆனா இதுல நாலு கம்பெனி குடியிருக்குது. எப்பிடி பிரிக்கிறோம்? ரெண்டு வழி இருக்குது.

ஒண்ணு ஹார்டுவேர் பார்ட்டிஷன். நெசமாவே பிரிக்கிறது. இந்தப் பலகை உனக்கு, அந்தப் பலகை அவனுக்கு. கரண்டு தனி, மூள தனி. இந்தப் பக்கம் தீப்பிடிச்சு எரிஞ்சாலும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு வேலை பாத்துக்கினு இருப்பான். அத அந்தம்மா பெருமையா சொல்லும். கோட்டு சூட்டு போட்டவங்க தலைய ஆட்டுவாங்க. ஆனா ஒண்ணு, இந்தப் பக்கம் சும்மா கெடந்தாலும் அந்தப் பக்கத்துக்காரன் எடுத்துக்க முடியாது.

இன்னொண்ணு வர்ச்சுவல் பார்ட்டிஷன். அதுல சுவரே கிடையாது. எல்லாம் பொதுவுல கெடக்கும். ஆனா அடியில ஒரு ஆளு ஒக்காந்திருக்கும். ஆளுன்னா ஆளில்ல, ஒரு சாப்ட்வேரு. நான் அதுக்கு மேஸ்திரின்னு பேரு வச்சிருக்கேன். எவன் கேக்குறானோ அவனுக்கு எடுத்துக் குடுக்கும். அவனுக்கு வேணாம்னா புடுங்கி இவனுக்குக் குடுக்கும். இதுல அழகு இன்னான்னா சார், ஒவ்வொருத்தனும் மொத்த மிஷினும் தனக்குத்தான்னு நெனச்சுக்கினு இருப்பான். பக்கத்துல ஒருத்தன் இருக்கிறதே தெரியாது. அத கேட்டப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பலகைய கால்ல போட்டுக்கினேன்.

இப்ப வீட்டுக்கு வரேன். எங்கப்பா போவறதுக்கு முன்னால இந்த வீட்ட ரெண்டு பாதியா எழுதி வச்சுட்டாரு. ஒரு பாதி எங்க அண்ணன் கன்னியப்பன் பேர்ல. இன்னொரு பாதி லோகு பேர்ல. லோகு என் பொண்டாட்டி. என் பேரு எப்பிடியோ விட்டுப் போச்சு. பத்திரம் எழுதுனவரு அவசரத்துல விட்டிருப்பாரு.

ஒரே கூடம், ஒரே அடுப்படி, ஒரே குளியலறை, ரெண்டு ரூமு. அண்ணன் வீட்டுல மூணு பேரு. அண்ணன், பூங்காவனம் அண்ணி, பொண்ணு சுகந்தி. நம்ம பக்கம் நான், லோகு, பையன். கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு. அப்பால அண்ணி நடுவுல சுவரு எழுப்பணும்னு ஆரம்பிச்சுது. செங்கல்லும் வந்து எறங்கிடுச்சு. நான் அண்ணனாண்ட போயி சொன்னேன். அண்ணே, இது ஹார்டுவேர் பார்ட்டிஷன், பழைய காலத்து வேல, இப்ப யாரும் செய்யிறதில்ல. நான் உனக்கு வர்ச்சுவலா பிரிச்சுத் தரேன். செலவே இல்ல. ரெண்டு பேருக்கும் முழு வீடு கெடைக்கும்.

அண்ணன் நல்ல மனுசன் சார். பட்டறையில நைட்டு ஷிப்டு, இரும்பு அடிக்கிற எடம். அந்தப் புகைய குடிச்சுக் குடிச்சு மூச்சு இழுப்பு வந்துடுச்சு. அவருக்கு எது சொன்னாலும் ஒரு சிரிப்புதான். என் தம்பி கம்ப்யூட்டர் கம்பெனில இருக்குறான், அவனுக்குத் தெரியாததான்னு அண்ணியாண்ட சொல்லிட்டாரு. செங்கல்ல வித்துட்டோம்.

உங்களாண்ட மட்டும் சொல்றேன். சுவரு வேணாம்னு நான் சொன்னது வேற காரணத்துக்கு. எரிஞ்சாலும் தெரியாதுன்னு பானு மேடம் பெருமையா சொல்லுச்சே, எனக்கு அதுதான் தொண்டையில மாட்டிக்கிச்சு. லீவு ராத்திரியில அண்ணனுக்கு மூச்சு இழுத்தா மொதல்ல எழுந்துக்கிறது நான்தான். அண்ணி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும். நடுவுல ஒம்பது இஞ்சு சுவரு நின்னா எனக்கு இன்னா கேக்கும் சொல்லுங்க? சரி விடுங்க, அதெல்லாம் ரிப்போர்ட்டுல எழுத வேணாம்.

இப்ப மேஸ்திரி யாருன்னு ஒரு கேள்வி வந்துச்சு. நடுநிலையான ஆளா இருக்கணும், எந்தப் பக்கமும் சேராத ஆளா இருக்கணும். யோசிச்சுப் பாத்தேன், என்ன விட்டா யாரும் இல்ல. நானே எடுத்துக்கினேன். பானு மேடம் சொல்லும், அடியில ஒக்காந்திருக்கிற மேஸ்திரிக்குன்னு மிஷினுல கொஞ்சம் போவும், அத தவிர்க்க முடியாதுன்னு. அதனால மேஸ்திரிக்குன்னு இந்தக் கூடத்து ஃபேனும், நீங்க ஒக்காந்திருக்கிற இந்த சேரும், டிவி ரிமோட்டும், மொத டம்ளர் காப்பியும் எடுத்து வச்சேன். எனக்காக இல்ல சார். பதவிக்காக.

மேடத்தாண்டயும் சொன்னேன், எங்க வீட்டுல உங்க டெக்னிக்க போட்டிருக்கேன்னு. அவங்க சோடா புட்டி கண்ணாடிய கழட்டிட்டு என்ன பாத்தாங்க. தேசிங்கு, வேணாம்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. அவங்க பொழப்பு, பாவம். நாளைக்கு நான் அவங்க எடத்துக்கு வந்துட்டா?

மொதல்ல அடுப்படிய பிரிச்சேன். அர மணி அண்ணிக்கு, அர மணி லோகுக்கு. மாறி மாறி. அங்க மிஷினும் அப்பிடித்தான் செய்யுது, துளி நேரம் அவனுக்கு, துளி நேரம் இவனுக்கு. ஆனா ஒரு சட்டம் இருக்குது சார். நேரம் முடிஞ்சு ஒருத்தர நிறுத்தும்போது எந்த நிலைமையில இருந்தாங்களோ அதே நிலைமையில எடுத்து வைக்கணும். திரும்பி வந்தா விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். மொத நாளு அண்ணி அப்பளத்த எண்ணெயில போடுது, நேரம் ஆயிடுச்சு. நிறுத்துங்கண்ணின்னேன். அப்பளம் ஒரு பக்கம் பொரிஞ்சு மறு பக்கம் பச்சயா கெடக்குது. அப்பிடியே சட்டியோட தூக்கி அண்ணன் ரூமு கட்டிலுக்கு அடியில வச்சோம். பருப்பு, மொளகாப் பொடி, நறுக்கி வச்ச வெங்காயம், எல்லாம் வரிசைப்படி. லோகு வந்து தன் சாமான அடுக்கிச்சு. அடுக்கி முடிச்சு அரிசி களையுது, நேரம் ஆயிடுச்சு. மறுபடி அண்ணி. அப்பளத்த திரும்பி எடுத்துக்கினு வந்தா எண்ணெய் ஆறிப் போயி அது ஈரத் துணி மாதிரி கெடக்குது. சூடு பண்ண ஆரம்பிக்குது, நேரம் ஆயிடுச்சு.

அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் ரெண்டு பொம்பளைங்களும் ஒரு நிமிசம் ஒக்காரல சார். அப்பிடி ஒரு சுறுசுறுப்பு. வீடு பூரா பாத்திரம் ஓடுது. நான் இந்த சேர்ல ஒக்காந்துக்கினு பாக்குறேன், கம்பெனியில இருக்கிற மாதிரியே இருக்குது. சோறு மட்டும் ஆகல. ஓட்டல்ல வாங்கித் துன்னோம்.

போகப் போகப் பழகிட்டாங்க. இப்பல்லாம் நான் டூட்டிக்குப் போற நேரத்துல இந்த வீட்டுல சோறு ரொம்ப சீக்கிரம் ஆயிடுது. ஒரு நாளு மறந்துட்டுப் போன சாப்பாட்டுக் கூடைய எடுக்க வந்தேன், ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில, ஒரே கொழம்ப, ஒருத்தர் கிண்டுறாங்க ஒருத்தர் உப்பு பாக்குறாங்க. என்ன பாத்ததும் அண்ணி வெளிய வந்து வரிசையில நின்னுக்கிச்சு. பாருங்க, நான் வச்ச ஒழுங்கு நான் இல்லாதப்ப கூட ஓடுது.

குளியலறைக்கு அதே மாதிரி. அத விவரமா சொல்ல வேணாம். எங்க அண்ணன் ஒரு வாட்டி சோப்பு போட்ட நிலைமையில வெளிய எடுத்து வைக்கப்பட்டாரு. அவரு அப்பவும் சிரிச்சாரு சார். சோப்பு கண்ணுல எரியுது, சிரிக்கிறாரு.

சரி, கேஸு எப்பிடி வந்துச்சுன்னு கேக்குறீங்க. இந்த ஆடிக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழம. அங்கதான் எல்லாம் கெட்டுச்சு. என் தப்பு ஒண்ணும் இல்ல, டெக்னிக்கு சரிதான், மனுசங்க சரியில்ல.

பானு மேடம் ஒரு ரகசியம் சொல்லும். மிஷினுல இருக்கிறதுக்கு மேலயே வாக்கு குடுக்கலாமாம். பத்துதான் இருக்கும், நாலு பேருக்கும் ஆளுக்கு அஞ்சு தரேன்னு சொல்லலாம். ஏன்னா நாலு பேரும் ஒரே நேரத்துல கேக்க மாட்டாங்க. எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. அந்த ஞாயித்துக்கெழம சாயந்திரம் கூடம் வேணும்னு அண்ணி கேட்டுச்சு, சுகந்திய பொண்ணு பாக்க பூந்தமல்லியிலேர்ந்து வராங்கன்னு. எடுத்துக்குங்கண்ணின்னேன். லோகு கேட்டுச்சு, எங்க மகளிர் குழு கூட்டம் இந்த வாரம் நம்ம வீட்டுலன்னு. தாராளமா வைன்னேன். பொண்ணு பாக்க வரவங்க என்னிக்கு சார் சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க? குழுக் கூட்டமும் அப்பிடித்தான். ஒருத்தருக்கு ஒருத்தர் இடிக்காது.

ரெண்டு கூட்டமும் ஒரே நேரத்துல வந்துச்சு. நிமிசம் பிசகாம. வாசல்லயே ஒருத்தர ஒருத்தர் வணக்கம் சொல்லிக்கினு உள்ள வராங்க. மாப்பிள்ளையோட அம்மா குழுப் பொம்பளைங்கள பூரா பொண்ணோட சொந்தம்னு நெனச்சுக்கிச்சு. குழுத் தலைவி ரெஜினா அக்கா மாப்பிள்ள வீட்டு ஆளுங்கள புதுசா சேர வந்தவங்கன்னு நெனச்சுக்கிச்சு. எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லி உறுதிமொழி எடுக்க வச்சுடுச்சு. மாப்பிள்ளையும் நெஞ்சுல கைய வச்சுக்கினு சொல்றான், மகளிர் முன்னேற்றத்துக்காகப் பாடுபடுவேன்னு.

இதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. பிரச்சன இன்னான்னா கூடத்துக்கு நட்டநடுவுல நாடாக் கட்டில போட்டு எங்க அண்ணன் தூங்குறாரு. நைட்டு ஷிப்டு முடிச்சுட்டு வந்து, மூச்சுக்கு மாத்திர போட்டிருக்காரு. அது போட்டா மேளம் அடிச்சாலும் எழுந்துக்க மாட்டாரு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க அவரு யாருன்னு கேக்க சங்கடப்பட்டுக்கினு அவர சுத்தி ஒக்காந்திருக்காங்க. அண்ணி உள்ள சுகந்திக்குப் பூ வச்சுக்கினு இருக்குது. எடம் பத்தல. மேஸ்திரி நான், எதாச்சும் செய்யணும்.

அப்பதான் எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. கம்பெனியில ஓடிக்கினு இருக்கிறத நிறுத்தாமயே ஒரு மிஷினுலேர்ந்து இன்னொரு மிஷினுக்குத் தூக்கி வச்சுடுவாங்க சார். வாடிக்கக்காரனுக்குத் தெரியவே தெரியாது. கணக்கு ஓடிக்கினே இருக்கும், எடம் மட்டும் மாறியிருக்கும். அண்ணன எழுப்ப வேணாம், அப்பிடியே கட்டிலோட மொட்ட மாடிக்குக் கொண்டு போயிடலாம். தூக்கம் கெடாது. தலைமாட்டுல ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் கல்யாணத் தரகரு. கால் மாட்டுல மாப்பிள்ளையும் அவன் தம்பியும். அவங்களே வந்து புடிச்சாங்க சார், நல்ல வளர்ப்பு. இவரு யாருங்கன்னு மாப்பிள்ள கேட்டான். அப்பால சொல்றேன், மொதல்ல தூக்குன்னேன்.

எங்க வீட்டுல மாடிப்படி தெருப் பக்கம் இருக்குது, வரும்போதே பாத்திருப்பீங்க. வெளிய போயித்தான் ஏறணும். வெயிலு கண்ணுல படக் கூடாதேன்னு நான் அண்ணனுக்கு வெள்ள வேட்டிய முகத்து வரைக்கும் போத்தியிருந்தேன். நாலு பேரு கட்டில தோள்ல வச்சுக்கினு தெருவுல வரோம். பின்னாலயே குழுப் பொம்பளைங்க வராங்க, இன்னா நடக்குதுன்னு பாக்க. எதிர்ல மாவு மில்லு தங்கராசு இருக்காரே, அவரு பாத்துட்டாரு. மில்ல நிறுத்திட்டாரு சார். தோள் துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினு வெறுங்கால்ல எறங்கி வராரு. மில்லு சத்தம் நின்னா இந்தத் தெருவுல எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. பாத்தாங்க.

நான் கைய ஆட்டி ஒண்ணுமில்லன்னு சொல்லலாம்னா ரெண்டு கையும் கட்டில்ல இருக்குது. வாயால சொன்னேன், தூங்குறாருன்னு. அதக் கேட்டுட்டு தெரு ஜனம் பூரா அழ ஆரம்பிச்சுடுச்சு. மாடியில கொண்டு போயி எறக்குறதுக்குள்ள மாலை வந்துடுச்சு. அந்த வேகத்துக்கு எங்கேர்ந்து வாங்குனாங்கன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. தங்கராசு துணிய வெலக்கி அண்ணன் நெஞ்சு மேல மாலைய வச்சாரு. ரோசாப்பூ மாலை, தண்ணி சொட்டச் சொட்ட. அண்ணன் கண்ணத் தொறந்தாரு.

மேல வானம். சுத்தி தெரு ஜனம் அழுவுது. கால் மாட்டுல யாரோ ஒரு பையன் புதுச் சட்டை போட்டுக்கினு நிக்கிறான். எங்க அண்ணன் எழுந்து ஒக்காந்தாரு. நாலு பேரு கீழ ஓடிப் போயிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா தெருக் கொழாயாண்ட போயி தலையோட தண்ணி ஊத்திக்கிச்சு. மாப்பிள்ள, தம்பி, தரகரு எல்லாரும் வரிசையா நின்னு ஊத்திக்கினாங்க. ஏம்மா, ஆளு உயிரோட இருக்காரேன்னு நான் போயி சொன்னேன். நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல தோள் குடுத்தாச்சு, தீட்டு தீட்டுதான்னு சொல்லிட்டு ஈரத் துணியோட பஸ்ஸு ஏறிப் போயிடுச்சு.

அன்னிக்கு அண்ணன் சிரிக்கல சார். திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம், நான் வாங்கிக்கினு இருப்பேன். மாலையக் கழட்டி கைப்பிடிச் சுவத்துல மாட்டிட்டு, என்ன ஒரு பார்வை பாத்துட்டு கீழ எறங்கிப் போயிட்டாரு. அன்னிலேர்ந்து என்னாண்ட பேசல. ஆடி போச்சு, ஆவணி போச்சு, தீபாவளியும் வந்துட்டுப் போச்சு. முன்னல்லாம் காலைல ஷிப்டு முடிச்சு வந்ததும் துன்னியாடான்னு கேப்பாரு. அத கூட இப்ப என் பையனாண்டதான் கேக்குறாரு, உங்கப்பன் துன்னானான்னு. நான் பக்கத்துல நிக்கிறேன் சார். ஒரு மொழம் தள்ளி நிக்கிறேன். அவர் பக்கத்துல நான் இருக்கிறதே அவருக்குத் தெரியாத மாதிரி.

அப்பாலதான் கேஸு வந்துச்சு. போட்டது யாருன்னு நெனக்கிறீங்க? லோகு. என் பொண்டாட்டி. பாகம் பிரிச்சு சுவரு எழுப்பிக் குடுங்கன்னு அண்ணன் மேல கேஸு. அண்ணன் போயி ஒரு ஆட்சேபணையும் இல்லன்னு சொல்லிட்டாரு. ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே ஆட்டோல கோர்ட்டுக்குப் போயி ஒரே ஆட்டோல திரும்பி வந்தாங்க, வழியில ஜிகர்தண்டா குடிச்சுட்டு. நான் லோகுவ கேட்டேன், ரெண்டு பேரும் ஒத்துக்கினா ரிஜிஸ்டர் ஆபீசுலயே முடிச்சிருக்கலாமே, கோர்ட்டு எதுக்குன்னு. யாரு சொன்னாலும் நீ கேக்க மாட்டே, ஜட்ஜு சொன்னாதான் கேப்பே, அப்பிடின்னுச்சு. பாத்தீங்களா சார், சட்டத்து மேல எனக்கு எவ்ளோ மரியாதன்னு வீட்டுல புரிஞ்சு வச்சிருக்காங்க.

இன்னா கேட்டீங்க? நான் வாதியா பிரதிவாதியாவா? ரெண்டும் இல்ல சார். காகிதத்துல என் பேரு எங்கயும் வராது. கம்பெனியில கூட மேஸ்திரி பேர பில்லுல போட மாட்டாங்க.

தோ, வந்துட்டாங்க, அண்ணனும் வந்து ஓரமா ஒக்காந்துட்டாரு. லோகு, சாருக்குக் காப்பி எங்க? அண்ணி கையில இருக்குதா, சரி. பாருங்க சார், காப்பி போட்டது ஒருத்தர், கொண்டாந்தது ஒருத்தர். யாரு நேரத்துல போட்டாங்கன்னு நான் இப்ப கேக்க மாட்டேன். குடிங்க. எனக்கு இல்லியா? பரவால்ல.

அளக்கிறவரும் வந்துட்டாரு. வாங்க சார், பாடியிலயா மாட்டிக்கினீங்க? இல்லியா, முகப்பேரா.

நல்ல கேள்வி கேக்குறீங்க சார். சுவரு வந்தா நான் எந்தப் பக்கம் இருப்பேன்னா? அத இவங்களையே கேளுங்க. கேளுங்க சார், நான் வாயத் தொறக்கல.

அண்ணி இன்னா சொல்லுதுன்னு கேட்டீங்களா? தம்பி லோகு பக்கந்தான், அதுதான் மொறன்னு. லோகு, நீ சொல்லு. இவ சொல்றதையும் கேட்டுக்குங்க. எதுக்கு, கூடப் பொறந்த பொறப்பு, அண்ணன் பக்கமே இருக்கட்டும்னு சொல்றா. இல்ல இல்ல, நீயே வச்சுக்கன்னு அண்ணி. ஐயோ வேணாம்க்கா, நீங்களே வச்சுக்குங்கன்னு இவ. எழுதிக்குங்க சார். கோர்ட்டுல இந்த மாதிரி நீங்க பாத்திருக்கீங்களா? சொத்துக்கு அடிச்சுக்குற காலத்துல, ஒரு மனுசன ஒருத்தருக்கு ஒருத்தர் எப்பிடி விட்டுக் குடுக்குறாங்க பாருங்க. இந்தப் பாசத்துக்கு நடுவுல சுவரு எழுப்பச் சொல்றீங்களே.

சரி, சரி. அளந்துக்குங்க. சட்டம்னா சட்டம்.

இன்னா சார், டேப்போட முனையப் புடிக்க ஒரு ஆள் வேணுமா? குடுங்க நான் புடிக்கிறேன், தரையில வேல பாக்குறவன். இந்த வாசப்படி ஓரத்துலயா? சரி. ஒக்காந்துட்டேன். அந்த முனைய இழுத்துக்கினு போயி அடுப்படி சுவத்தாண்ட யாராச்சும் புடிக்கணும். என் பையன் இல்ல, டியூசனுக்குப் போயிருக்கான். தெருவுலேர்ந்து யாரையாச்சும் கூப்புடட்டுமா?

சும்மா இருங்க சார். பேசாதீங்க. அண்ணன் எழுந்து வராரு.

அவரேதான் வாங்கிக்கினாரு. லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு அந்தக் கோடியில குந்திக்கினாரு. நடுவுல இந்த மஞ்ச டேப்பு. என்ன பாக்கல, டேப்பத்தான் பாக்குறாரு. இருங்க, அவருக்கு மூச்சு கொஞ்சம் ஜாஸ்தியா வாங்குது.

"டேய், இழுத்துப் புடிடா."

சார், கேட்டீங்களா. யாருக்கு சொன்னாருன்னு நெனக்கிறீங்க? இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான் சார் புடிச்சிருக்கேன். வேற ஆளே இல்ல.

எழுதாதீங்க. அந்த நம்பர எழுதாதீங்க, தப்பு அளவு. நான் கொஞ்சம் தளத்திட்டேன். ஆமா, வேணும்னேதான்.

"தேசிங்கு, தொய்யுதுடா. கையில வலு இல்லியா? துன்னியா இல்லியா நீ?"

துன்னேண்ணே. இல்ல, துன்னல. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல.

பேனாவ மூடி வைங்க சார், இன்னா அவசரம் உங்களுக்கு. கோட்டத்தான் கழட்டியாச்சே, ஒக்காருங்க. இத மொதல்லேர்ந்து ஒரு வாட்டி புடிக்கலாம். அண்ணே, இப்பப் பாரு, சரியா இருக்குதா?